யாருக்குக் கொடுத்த ரைட்?

வேனின் பின்கதவு திறந்திருந்தது. உள்ளே பழைய பாய் ஒன்றை விரித்து, அதன் மேல் கயிற்றுச் சுருளையும் எடுத்து வைத்திருந்தார்கள். நானும் என் மனைவியும் சேர்ந்து மிதிக்கும் இரட்டைச் சைக்கிளைப் படுக்க வைத்துக் கட்டுவதற்காக.

கொல்லிமலை அடிவாரம், காரவள்ளி. வெளிச்சம் வந்துவிட்டது, வெயில் வரவில்லை. தேநீர்க் கடையில் வடைக்கு எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. அண்ணாந்து பார்த்தால் சாலை எங்கே என்று தெரியவில்லை. மரங்களுக்கு நடுவே ஒரு பேருந்தின் விளக்கு இடப்பக்கமாகப் போய் மறைந்து, சற்று நேரம் கழித்து இன்னும் மேலே வலப்பக்கமாக முளைத்தது. அது போன போக்கை வைத்துத்தான் நாங்கள் ஏறப்போகும் பாதையை ஊகித்தேன்.  ஐம்பதைத் தாண்டிய பிறகு அதில் சைக்கிள் மிதிக்கப்போகிறேன் என்பதே எனக்குப் புதுச் செய்தி.

"மேடம், நீங்க வேன்ல வந்துடுங்களேன். சைக்கிளையும் ஏத்திடலாம். சாரை நம்ம ஸ்பேர் சைக்கிள்ல ஓட்டச் சொல்றேன்" என்றார் கேப்டன். எங்கள் பயணத்தின் பொறுப்பாளர் அவர். சிறுசேரியில் மென்பொருள் வேலை. எதையும் நிதானமாகச் சொல்பவர்.

என் மனைவி கிரேஸ் ஹெல்மெட் வாரை இறுக்கிக்கொண்டிருந்தாள். "ஏன் சார்?"

"இந்த டேண்டம் சைக்கிள் ரொம்ப வெயிட் மேடம். எழுபது பெண்ட் இருக்கு. நடுவுல நின்னுட்டா சரிவுல மறுபடி கிளப்ப முடியாது. சாஞ்சீங்கன்னா பின்னாடி பஸ் வரும்."

அவர் சொன்னதில் தவறு எதுவும் இல்லை. நானே முந்தின நாள் அதைத்தான் நினைத்திருந்தேன்.

"அக்காவுக்கு இன்னா சார் கஷ்டம்?" என்றார் பக்கத்தில் காற்றடித்துக்கொண்டிருந்த சேகர். "பின்னாடி ஜாலியா குந்திகினு வரப்போறாங்க. அண்ணன்தான் பாவம்."

எல்லோரும் சிரித்தார்கள். கிரேஸ் சிரிக்கவில்லை.

"வழியில வ்யூ பாயிண்ட் மாதிரி சமதளம் இருக்குன்னு சொன்னீங்கல்ல சார்? அங்க நிப்போம். வேற எங்கயாவது எங்க கால் தரையில பட்டா நானே வேன்ல ஏறிக்கிறேன். கன்னியாகுமரி வரைக்கும் இறங்க மாட்டேன். போதுமா?"

கேப்டன் என்னைப் பார்த்தார். நான் சைக்கிள் செயினைப் பார்த்தேன்.

பின் சீட்டில் இருப்பவர்

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுப்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தாம்பரத்திலிருந்து கன்னியாகுமரிக்குச் சைக்கிளில் போவதென்று சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், பொத்தேரிப் பக்கமிருந்து பத்துப் பேர் கிளம்பினோம். எட்டுப் பேருக்கு ஆளுக்கொரு சைக்கிள். எனக்கும் கிரேஸுக்கும் சேர்த்து ஒன்று. குழுவில் முன்பு இருந்த ஒருவர் வெளிநாட்டுக்குக் குடிபோகும்போது எங்களிடம் விட்டுச் சென்ற இரட்டைச் சைக்கிள் அது.

இரண்டு சீட், இரண்டு ஜோடி பெடல். ஹேண்டில், பிரேக், கியர் எல்லாம் முன்னால் இருப்பவரிடம். பின்னால் இருப்பவருக்கும் பிடித்துக்கொள்ள ஒரு ஹேண்டில் உண்டு, அது திரும்பாது. அங்கிருந்து பார்த்தால் முன்னால் இருப்பவரின் முதுகு தெரியும். வேறொன்றும் தெரியாது.

முன் பெடலையும் பின் பெடலையும் செயின் இணைக்கிறது. ஆகையால் பின்னால் இருப்பவர் அழுத்தி மிதித்தாலும் சும்மா வைத்திருந்தாலும் கால் சுற்றும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

அதனால் வந்த வினைதான் எல்லாம். செங்கல்பட்டு தாண்டுவதற்குள் ஆரம்பித்துவிட்டது. "அண்ணே! பின்னாடி அக்கா மிதிக்கவே இல்ல!" ஒரு லாரி கிளீனர் சொன்னார். திண்டிவனத்தில் ஒரு பள்ளி வேன் முழுக்கக் கத்தியது. கள்ளக்குறிச்சியில் பூ விற்ற அம்மாள் என்மேல் இரக்கப்பட்டு, "ஒத்த ஆளா இழுத்துக்கிட்டுப் போறியே சாமி" என்றார். சொன்னவர்கள் ஒவ்வொருவரும் அதைத் தாங்களே முதன்முதலில் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டார்கள்.

வெளியாட்கள் சொன்னதை கிரேஸ் பொருட்படுத்தவில்லை. குழுவுக்குள்ளேயே அது நிலைத்துவிட்டதுதான் அவளைச் சுட்டது. அதற்குத் தலைவர் சேகர். ராஜகீழ்ப்பாக்கத்திலேயே பிறந்தவர், அப்பா காலத்து நெல் வயல் இருந்த இடத்தில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். மனதில் எதையும் வைத்துக்கொள்ளாத மனிதர். வாயிலும் வைத்துக்கொள்ள மாட்டார்.

"இல்ல சேகர், அவ நல்லா மிதிக்கிறா. என் தொடைக்குத் தெரியும்" என்று நான் ஒருமுறை சாட்சி சொன்னேன்.

"வூட்டுக்காரரு நீங்க வேற இன்னாண்ணே சொல்ல முடியும்?" என்றார்.

ஆத்தூரில் தங்கியிருந்தபோது, காயப்போட்ட துணிகளை மடித்துக்கொண்டே கிரேஸ் கேட்டாள்: "இந்த சைக்கிள்ல என்னையும் வச்சுக்கிட்டு, நீங்க மட்டும் மிதிச்சு ஒரு மலை ஏற முடியுமா?"

"முடியாது."

"கொஞ்ச தூரம்?"

"ரெண்டாவது பெண்டைத் தாண்ட மாட்டேன்."

"அப்ப மலை வரட்டும்" என்றாள்.

மேம்பாலம்தான் எங்கள் மலை

தென்சென்னைப் புறநகர்க்காரர்கள் மலையேற்றத்துக்கு எங்கே பயிற்சி எடுப்பது? எங்கள் ஊர் அப்படியே தோசைக்கல் மாதிரி சமதளம். ஏறி இறங்கக் கிடைத்தது மேம்பாலங்கள்தான். ஞாயிற்றுக்கிழமை விடியலில் பெருங்களத்தூர் மேம்பாலத்தில் ஏறுவோம், இறங்குவோம், சுற்றி வந்து மறுபடி ஏறுவோம். ஒரு நாள் அங்கே நின்றிருந்த போக்குவரத்துக் காவலர் எங்களை நிறுத்தி, உண்மையான அக்கறையோடு கேட்டார்: "என்ன சார், எதையாவது தொலைச்சுட்டீங்களா?"

எங்கள் குழுவில் உயரத்துக்கு அளவே மேம்பாலம்தான். செஞ்சிப் பக்கத்து மேடு ஒன்றரை மேம்பாலம். கொல்லிமலைக்குக் கணக்குப் போடப்போன சேகர் பாதியில் விட்டுவிட்டார். "ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கிகினே போனா ஏரோப்ளேன் இடிக்கும் சார்."

மூன்றிலா, மூன்றுக்குப் பிறகா?

கிரேஸுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. ஸ்கூட்டரும் தெரியாது. அவள் பிறந்த வீட்டில் நான்கு பெண்கள், சைக்கிள் கிடையாது. பிறகு பொத்தேரிக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை வேலை. தினமும் இரண்டு பேருந்து மாறிப் போய், இரண்டு பேருந்து மாறி வருவாள். இருபது வருடத்துக்கு மேல் அப்படித்தான்.

இரட்டைச் சைக்கிளைக் கிளப்பும் நொடியில் இருவரும் ஒன்றாக அழுத்த வேண்டும். ஒருவர் முந்தினாலும் சாயும். எதையும் முறையாகச் செய்ய நினைப்பவன் நான். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று சொல்வதாக ஏற்பாடு. ஆனால் அழுத்த வேண்டியது மூன்று என்னும்போதா, மூன்று சொல்லி முடித்த பிறகா என்பதை நான் தெளிவுபடுத்தவில்லை. நான் மூன்றில் அழுத்தினேன். அவள் மூன்றுக்குப் பிறகு அழுத்தினாள். வேளச்சேரி சாலையோரத்து இளநீர்க் குவியலின் மேல் இருவரும் சாய்ந்தோம்.

எழுந்து, முழங்கையைத் தட்டிக்கொண்டு, மறுபடி ஏறி உட்கார்ந்ததும் கோபத்தில் அவள் தன்னையறியாமல் ஒரு சத்தம் கொடுத்தாள். "ரைட்!"

சைக்கிள் வழுக்கிக்கொண்டு கிளம்பியது.

அவ்வளவுதான். அவள் உடம்பில் ஏற்கெனவே ஊறியிருந்த சொல் அது. "ரைட்" என்றால் போ. "ஹோல்டான்" என்றால் நில். கண்டக்டர்கள் எங்கள் ஊரையே பழக்கி வைத்திருக்கிறார்கள். எங்களுக்குத் தனியாகப் பழக வேண்டியிருக்கவில்லை. ஏற்றம் வந்தால் "ரைட், ரைட்" என்று இரண்டு முறை சொல்வேன். அவள் முழு பலத்தையும் இறக்குவாள். இடம், வலம் என்பதற்கு எங்களிடம் சொல்லே இல்லை. திருப்புவது என் வேலை. பின்னால் இருப்பவருக்கு அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

ஏற்றம்

காரவள்ளியிலிருந்து கடைசியாகக் கிளம்பியது நாங்கள். எங்களுக்குப் பின்னால் வேன், கதவைச் சாத்தாமலே, மெதுவாக வந்தது.

முதல் சில வளைவுகளில் மூங்கில். சாலையில் ஈரமும் சருகும். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை. நான் படிக்கப் படிக்க அவள் "ம்" என்பாள். அதற்கு மேல் பேச மூச்சு இல்லை. மலையிறங்கும் பேருந்துகள் தாண்டிப் போகும்போது பிரேக் தீய்ந்த நெடி சில நொடி தங்கிவிட்டு, பிறகு பச்சிலை வாசனை திரும்பும். தடுப்புச் சுவரில் குரங்குகள் வரிசையாக உட்கார்ந்து, எங்கள் முன் பையில் வாழைப்பழம் இருப்பதைத் தெரிந்துகொண்ட முகத்தோடு பார்த்தன.

வலப்பக்கம் திரும்பும் வளைவுகள் எளிது, நமக்கு வெளிவட்டம். இடப்பக்கம் திரும்புபவைதான் ஆளைக் கொல்பவை. உள்வட்டத்தில் சாலை சுவர் மாதிரி எழுந்து நிற்கும். அங்கே "ரைட், ரைட்" என்பேன். என் காலுக்குக் கீழிருந்து பெடல் தானாகத் தள்ளிக்கொண்டு போவது போல ஒரு வேகம் வரும். அதுதான் கிரேஸ்.

"இன்னாக்கா, காத்து வாங்கினு வர்றீங்களா?" என்று ஒரு வளைவில் தண்ணீர் குடிக்க நின்றுவிட்ட சேகர் மறுபடி எங்களைக் கடந்து போனார்.  பின்னாலிருந்து பெடல் இன்னும் கொஞ்சம் கனமாக அழுத்தப்பட்டது.

பாதி வழியில் சமதளம் ஒன்று வந்தது. நியாயமாக நின்றோம், நியாயமாகக் காலை ஊன்றினோம். கீழே சமவெளி, வயல்கள் சிறு சிறு துண்டுகளாக. கிரேஸின் முகம் பழுத்த தக்காளி. தண்ணீரைக் குடிக்காமல் தலையில் ஊற்றிக்கொண்டாள்.

"ஓகேவா மேடம்?" என்றார் கேப்டன்.

"கிளம்பலாம் சார்" என்றாள். அவர் இன்னும் வாழைப்பழத்தை உரித்தே முடிக்கவில்லை.

அந்த வளைவு

நாற்பதைத் தாண்டிய ஒரு வளைவு. இடப்பக்கம் திரும்புவது. அதற்கு முந்தைய நேர்ச்சாலையே செங்குத்து. நான் கடைசி கியருக்கு வந்துவிட்டேன். இனி மாற்ற கியர் இல்லை.

வளைவு தெரிந்தது. மலையிறங்கி வந்த பேருந்து ஒன்று வளைவில் குறுக்காக நின்றது. ஏதோ ஒரு கார் தப்பான இடத்தில் நுழைந்துவிட்டதால், பேருந்து ஒரே வீச்சில் திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டிருந்தது. சமதளத்துக்குப் பிறகு எங்களை முந்திப் போன கேப்டனும் சேகரும் இறங்கி, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றிருந்தார்கள்.

நான் "ஹோல்டான்" சொல்ல வேண்டிய இடம் அது. சொன்னால் முடிந்தது. அந்தச் சரிவில் நின்றால் மறுபடி கிளம்ப முடியாது. கால் தரையில் படும். பின்னால் வேன் காத்திருக்கிறது. கன்னியாகுமரி வரை இறங்க மாட்டேன் என்று அவள் சொன்னது வெறும் பேச்சு இல்லை. அவளை எனக்குத் தெரியும்.

வாயைத் திறந்தேன். ஒரு நொடி தயங்கினேன்.

அந்த நொடியில் மலையே அதிரும் குரலில் எங்கிருந்தோ சத்தம் வந்தது: "ரைட்! ரைட்! ரைட்! ரைட்!"

பேருந்தின் கண்டக்டர். பின்பக்கம் இறங்கி நின்று, டிரைவர் பேருந்தைப் பின்னுக்கு எடுக்க வழி காட்டிக்கொண்டிருந்தார்.

கிரேஸுக்கு அதெல்லாம் தெரியாது. அவளுக்கு முன்னால் என் முதுகு இருந்தது. காதில் விழுந்தது ரைட், அதுவும் நான்கு முறை. அதுவரை நான் இரண்டுக்கு மேல் கொடுத்ததே இல்லை.

பெடல் என் கால்களைப் பிடித்து இழுத்தது. சைக்கிள் எகிறிப் பாய்ந்தது. பிரேக்கில் விரல் வைத்தேன். அழுத்தினால் அங்கேயே சாய்வோம் என்று கைக்குத் தெரிந்துவிட்டது போலும், அது அழுத்தவில்லை. பேருந்து பின்னால் நகர நகர, உள்வட்டத்தில் மலைச் சுவரை ஒட்டி ஓர் இடைவெளி திறந்தது. ஒரு சைக்கிள் போகலாம். ஹேண்டிலை அதை நோக்கிக் காட்டினேன். வலப்பக்கம் பேருந்தின் சூடு, இடப்பக்கம் பாறையின் குளிர்ச்சி. ஜன்னல்களில் முகங்கள், ஒரு கைக்குழந்தை, "ஐயோ ஐயோ" என்று யாரோ. என் இடது முழங்கை பாறையில் உரசிக்கொண்டு போனது.

வெளியே வந்தபோது கண்டக்டர் எங்கள் எதிரில் நின்றார். ஊதுவதற்காக எடுத்த விசில் கையிலிருந்து நழுவிக் கழுத்துக் கயிற்றில் ஆடியது.

"ஏனுங்! உங்களுக்கு யாருங் ரைட் குடுத்தது? நான் பஸ்ஸுக்குக் குடுத்தனுங்!"

"நீங்கதாங்க குடுத்தீங்க!" என்று பேருந்துக்குள்ளிருந்து ஓர் அம்மாள் எங்களுக்காக வாதாடினார். பேருந்தே சிரித்தது. யாரோ கை தட்டினார்கள்.

"யாருங்க அது?" என்றாள் கிரேஸ், மூச்சு வாங்கிக்கொண்டே.

"கண்டக்டர்."

"அப்ப ரைட் சொன்னது நீங்க இல்லையா?"

"நான் எங்க சொன்னேன்?"

"பயத்துல உங்க குரல் மாறிப்போச்சுன்னு நெனச்சேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரட்டைச் சைக்கிளில் முன்னால் இருப்பவர் சிரித்தால் ஹேண்டில் ஆடும். பின்னால் இருப்பவர் சிரித்தால் மொத்தச் சைக்கிளும் ஆடும். நாங்கள் இருவரும் சிரித்தோம். சாலையின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் அலைந்தோம்.

"சிரிக்காதீங்க! கால் பட்டுடும்!" என்று சிரித்துக்கொண்டே கத்தினாள்.

பின்னால் வந்த குரல்

கேப்டன், சேகர், மற்றவர்கள், வேன் எல்லோரும் அந்தப் பேருந்துக்கு அந்தப் பக்கம், கீழ்ச்சாலையில் மாட்டிக்கொண்டார்கள். மேலே சாலை முழுக்க எங்களுடையது. மூங்கில் முடிந்து சில்வர் ஓக் மரங்கள் வந்தன. அவற்றைச் சுற்றி மிளகுக் கொடிகள். காற்று மாறியது. வியர்வை பட்ட இடமெல்லாம் சில்லிட்டது. பலகைகளில் அறுபதுகள் தொடங்கின. கடைசிச் சமதளத்தில் நிற்கலாமா என்று கேட்டேன்.

"வேணாம்."

அப்போது கீழே, இரண்டு வளைவுகளுக்கு அப்பால், ஒரு குரல். "அண்ணே! இருங்கண்ணே! நானும் வர்றேன்!" சேகர். வழி கிடைத்ததும் எழுந்து நின்று மிதித்துக்கொண்டு வருகிறார்.

"சேகர் வர்றார்" என்றேன்.

"எவ்ளோ தூரம்?"

"ரெண்டு பெண்ட்."

அதற்குப் பிறகு நான் ரைட் சொல்லவில்லை. சொல்லத் தேவைப்படவில்லை. என் தொடைகள் எரிந்தன; பெடல் நிற்கவில்லை. உண்மையைச் சொன்னால், கடைசி ஐந்தாறு வளைவுகளில் நான் மிதித்தேனா, சுற்றிய பெடலில் காலை வைத்திருந்தேனா என்று எனக்கே உறுதியாகத் தெரியாது. சேகரின் மூச்சுச் சத்தம் கேட்கும் அளவுக்கு நெருங்கியது. எழுபது என்ற பலகை வந்தது, போனது. மலைமேல் இருக்கும் சோளக்காட்டுச் சந்தையின் முதல் கடை எங்கள் முன் சக்கரத்துக்கு வந்தபோது அவர் பின்னால்தான் இருந்தார்.

"ஹோல்டான்!" என்றேன்.

இருவரும் காலை ஊன்றினோம்.

சோளக்காடு

நான் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தரையிலேயே படுத்துவிட்டேன். கிரேஸ் நேராக அன்னாசிக் கடைக்குப் போனாள். உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய துண்டங்களை வாங்கிவந்து, எனக்கு ஒன்று கொடுத்துவிட்டு மீதியைத் தானே தின்னத் தொடங்கினாள். நாக்கில் பட்ட அந்த உப்பும் புளிப்பும் காரமும் இன்னும் இருக்கிறது.

ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். கேப்டன் கிரேஸிடம் கை நீட்டினார். "இனிமே நான் வேன் பேச்சே எடுக்க மாட்டேன் மேடம்." அவள் பிசுபிசுத்த கையைத் துடைத்துக்கொண்டு குலுக்கினாள்.

சேகர் தண்ணீர் குடித்தார். இரட்டைச் சைக்கிளை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பின் சீட்டைத் தட்டிப் பார்த்தார். கடைசியில் கேட்டார்: "அக்கா, ஒரு ரவுண்டு நான் பின்னாடி குந்திப் பாக்கட்டா?"

"என்னைக் கேட்டா? ஓட்டுறவரைக் கேளுங்க" என்று என்னைக் காட்டினாள். நான் எழுந்தேன். முழங்கால் இரண்டும் தனித்தனியாக எழுந்தன.

அடுத்த ஊரான செம்மேடு போகும் சாலை அங்கே ஏறக்குறைய சமமாக இருக்கும். சிறிய மேடு ஒன்று, பிறகு இறக்கம். நான் முன்னால், சேகர் பின்னால். குழு முழுவதும் கடையோரம் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தது. அன்னாசிக்காரம்மாவும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வந்தார்.

கிளம்பினோம். பத்தடிகூடப் போயிருக்க மாட்டோம்.

"அண்ணே, எதிர்ல எதனா வர்தா?"

"இல்ல சேகர்."

"மேடு முடிஞ்சிச்சா?"

"இன்னும் இல்ல."

"இப்ப இன்னா, திருப்புறீங்களா? அண்ணே, சொல்லிட்டுத் திருப்புங்கண்ணே! டேய், சாயுதுடா!"

இறக்கம் தொடங்கியதும் அவர் என் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார். திருப்பிக்கொண்டு வந்து கடைவாசலில் நிறுத்தினேன். இறங்கியவருக்கு முகத்தில் ரத்தமே இல்லை. மலை ஏறியபோதுகூட அப்படி இல்லை.

"அக்கா" என்றார், ஹெல்மெட்டைக் கழற்றாமல். "முன்னாடி ஒண்ணுமே தெரியலியேக்கா! நீ எப்டி அம்மாம் பெண்டும் வந்தே?"

கிரேஸ் கடைசி அன்னாசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டு கேட்டாள்.

"அவர் சட்டை தெரிஞ்சுதுல்ல?"

"அது தெரிஞ்சிச்சு."

"அதைப் பாத்து மிதிக்கணும் சேகர்."